உட்கார்ந்தால் வலிக்காத சீட்

போர்ட்பிளேரில் சைக்கிள் கடைக்கு முதல்முறை போகிற தமிழர் ஒரு சொல்லைக் கேட்டுத் திடுக்கிடுவது வழக்கம். "கத்தி பதல்னா ஹை?" என்று கடைக்காரர் கேட்பார். பயப்பட வேண்டாம். இந்தியில் சைக்கிள் சீட்டுக்கு அதுதான் பெயர். நம் காதில் அது கத்தி என்று விழுகிறது. ஒரு புது சீட்டில் மூன்று மாதம் உட்கார்ந்து ஆபீசுக்குப் போய் வந்த பிறகு, நம் காதில் விழுவதுதான் சரியான பெயர் என்று எனக்குத் தோன்றியது.

(ஊரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. ஆனாலும் கப்பலை விட்டு இறங்குகிற நம்மவர் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.)

நான் ரயில்வே குமாஸ்தா. தண்டவாளமே இல்லாத தீவில் உமக்கு என்ன வேலை என்று கேட்காதவர் இல்லை. கப்பலில் சென்னை போய் இறங்குகிறவருக்கு அங்கிருந்து விருதுநகருக்கோ திருநெல்வேலிக்கோ டிக்கெட் வேண்டாமா? அந்த வேலைதான். வீடு கராச்சர்மா பக்கம். போக ஆறு, வர ஆறு கிலோ மீட்டர் இருக்கும். இந்த ஊரில் சமதளம் என்பது கடற்கரைச் சாலையில் மட்டும்தான். மற்றபடி ஏறினால் மேடு, இறங்கினால் பள்ளம். ஏற்றத்தில் பாதி தூரம் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய சீட் கிழிந்ததும் கடையில் இருப்பதிலேயே மெத்தென்று இருந்த சீட்டாகப் பார்த்து வாங்கினேன். கட்டைவிரலால் அழுத்தினால் பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று. முதல் வாரம் சொர்க்கம். பிறகு உட்காரும் இடத்தில் எரிச்சல். அப்புறம் தொடையிடுக்கில் புண். ஒரு நாள் ஆபீஸ் வாசலில் இறங்கியபோது, எழுதவே கூச்சமாக இருக்கிறது, அந்த இடமே மரத்துப் போயிருந்தது. பத்து நிமிஷம் கழித்துத்தான் உணர்ச்சி திரும்பியது.

இதை யாரிடம் சொல்வது? மெல்ல விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரர், "உடம்புச் சூடு சார், எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள்" என்றார். இன்னொருவர் இளநீர் குடிக்கச் சொன்னார். அதற்குத் தீவில் பஞ்சமில்லை, குடித்தேன். மூன்றாமவர் மூலமாக இருக்கும் என்று சொல்லித் தூக்கத்தைக் கெடுத்தார். சீட்டின்மேல் ஒரு ஸ்பாஞ்சு உறை வாங்கி மாட்டினேன். வலி கூடியது.

எங்கள் லைனில் குடியிருக்கும் கட்டட வேலைக்காரர் ஒருவர் இதே தொல்லைக்குப் பயந்து சைக்கிளை விற்றுவிட்டார். மாதத் தவணையில் ஸ்கூட்டர் வாங்கினார். தவணையும் பெட்ரோலும் போக, ராமநாதபுரத்துக்கு அனுப்புகிற பணத்தில்தான் கை வைக்க வேண்டி வந்தது. நானும் அந்தத் தவணைக் கடை வாசல்வரை போய்த் திரும்பியவன்தான்.

எலும்பு எங்கே இருக்கிறது?

என்னைக் காப்பாற்றியவர் பஞ்சர் ஒட்டுகிற ஒரு பெரியவர். நாற்பது வருஷத்துக்கு முன் தீவுக்கு வந்தவர். என் சீட்டை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க இதில் உட்காரவில்லை. முங்கியிருக்கீங்க" என்றார்.

விஷயம் இதுதான். நாம் உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்குவதற்கென்றே இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முண்டுகள் இருக்கின்றன. கடினமான பெஞ்சில் அமர்ந்து ஆடிப் பார்த்தால் இரண்டும் தட்டுப்படும். பாரம் அவற்றின்மேல் விழுந்தால் உடம்பு தாங்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற மென்மையான இடத்தில்தான் நரம்பும் ரத்தக் குழாயும் போகின்றன. அங்கே பாரம் விழக்கூடாது. மெத்தென்ற சீட்டில் எலும்பு இரண்டும் ஸ்பாஞ்சுக்குள் புதைந்துவிடுகின்றன. நடுவில் இருக்கும் ஸ்பாஞ்சு மேலே பிதுங்கி, அழுத்தக்கூடாத இடத்தை அழுத்துகிறது. கையால் அழுத்திப் பார்த்து சீட் வாங்குகிறவன் கைக்குத்தான் சீட் வாங்குகிறான்.

இது பஞ்சர் கடைத் தத்துவம் மட்டுமல்ல. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களுக்கு இந்த மரத்துப்போகும் தொல்லை உண்டென்று அந்நாட்டு அரசின் தொழிலாளர் உடல்நல ஆய்வு நிறுவனமே ஆராய்ந்திருக்கிறது. முன்னால் மூக்கு இல்லாத சீட்டை அவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்ததில் அழுத்தமும் மரத்துப்போவதும் வெகுவாகக் குறைந்தன என்று 2008இல் வெளியிட்டார்கள். போலீஸ்காரரே வெட்கப்படாமல் சொல்லியிருக்கிறார், நமக்கு என்ன? மரத்துப்போவது அடிக்கடி வந்தால் சீட்டையும் மாற்ற வேண்டும், டாக்டரையும் பார்க்க வேண்டும். இளநீர் போதாது.

அந்தப் பெரியவர் எனக்கு அளவு எடுத்த விதத்தைச் சொல்கிறேன். கப்பலில் சரக்கு வருகிற அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த அட்டையைத் திண்ணைமேல் போட்டார். மெல்லிய வேட்டியோடு அதில் உட்காரச் சொல்லி, முழங்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொள்ளச் சொன்னார். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு எனக்கு 12 செ.மீ. ஆளுக்கு ஆள் இது மாறும். பெரும்பாலும் 10க்கும் 15க்கும் இடையில் இருக்கும். ஆள் குண்டா ஒல்லியா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெண்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் அதிகம். அந்த அளவோடு, முன்னால் குனிந்து ஓட்டுகிறவர் 2 செ.மீ., நிமிர்ந்து ஓட்டுகிறவர் 3 அல்லது 4 செ.மீ. கூட்டிக்கொண்டால் சீட்டின் பின்பக்க அகலம் வந்துவிடும்.

அளவு எடுத்தாயிற்று. எதை வாங்குவது என்று கேட்டேன். பரணிலிருந்து ஒரு பொருளை எடுத்துத் தூசி தட்டினார். பழைய ராலே வண்டியில் இருந்த தோல் சீட். கருங்கல் மாதிரி இருந்தது. இதிலா உட்கார்வது என்று விழித்தேன்.

கயிற்றுக் கட்டில் கணக்கு

தோல் சீட் என்றால் தோல் உறை போட்ட சீட் அல்ல. ஸ்பாஞ்சே கிடையாது. பின்னால் ஓர் இரும்புத் தகடு, முன்னால் மூக்கில் ஓர் இரும்பு. இரண்டுக்கும் இடையே 4, 5 மில்லி மீட்டர் கனமான ஒரே தோல் இழுத்துக் கட்டி ரிவெட் அடித்திருக்கும். அடியில் வெறும் காற்று. நம் வீட்டுக் கயிற்றுக் கட்டில் எப்படியோ அப்படி. உட்கார உட்கார, எலும்பு இரண்டும் படுகிற இடத்தில் தோல் மெல்லத் தழைந்து குழி விழும். அந்தக் குழி உங்கள் உடம்பின் அச்சு. நடு இடம் மேலே எழும்பி இடிக்காது. கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டுவோம் அல்லவா? அதற்குத்தான் மூக்குக்கு அடியில் ஒரு போல்ட்டும் நட்டும் வைத்திருக்கிறார்கள்.

இதைப் பெயர்பெற வைத்தவர் ஜான் போல்ட்பி ப்ரூக்ஸ் என்ற ஆங்கிலேயர். பர்மிங்ஹாமில் 1866இல் குதிரைச் சேணம் செய்யும் தொழில் தொடங்கியவர். 1878இல் அவருடைய குதிரை செத்துப்போயிற்று. வேறு குதிரை வாங்க வசதியில்லாமல் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி வேலைக்குப் போனாராம். சீட் அவரைப் படுத்திய பாட்டில், நாமே ஒன்று செய்வோம் என்று இறங்கி, 1882இல் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். எனக்கு வந்த அதே வலிதான். அவருக்குச் சேணத் தொழில் தெரிந்திருந்தது, எனக்கு முன்பதிவு பாரம் நிரப்பத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கம்பெனி 2002இல் ஓர் இத்தாலியக் கம்பெனியின் கைக்குப் போனது. ஆனாலும் பி-17 என்ற அவர்களுடைய பழைய மாடல் நூறு வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறது. நம் அப்பா, தாத்தா ஓட்டிய ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ் வண்டிகளில் இருந்ததும் இந்தச் சாதிதான். பிறகு ரெக்சினும் பிளாஸ்டிக்கும் வந்து தோலைத் தள்ளிவிட்டன.

தோல் என்றதும் எல்லாத் தோலும் ஒன்றல்ல. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆவாரம்பட்டை, கடுக்காய் இவற்றில் ஊறவைத்துப் பதனிடுவது நம்மூர்ப் பழைய முறை. திண்டுக்கல்லிலும் ஈரோட்டிலும் இந்தத் தொழில் பேர் பெற்றது. கிழக்கிந்தியத் தோல் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கி, 2008இல் புவிசார் குறியீடும் பெற்றது. இன்னொரு முறை குரோம் உப்பில் பதனிடுவது. சென்னையில் பல்லாவரம் தாண்டினால் வருகிற குரோம்பேட்டை ஸ்டேஷனின் பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். தினம் அந்த ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ!

குரோம் தோல் மெல்லென்று துணிபோல மடங்கும். கைப்பைக்கும் செருப்பின் மேல்தோலுக்கும் அருமை. சைக்கிள் சீட்டுக்கு ஆகாது, தொய்ந்தால் தொய்ந்ததுதான். பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும், வியர்வையும் பாரமும் பட்டு ஒரு வடிவத்துக்கு வந்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும். சீட்டுக்கு அதுதான் வேண்டும்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே பார்க்காதீர்கள், சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஸ்பாஞ்சோ பிளாஸ்டிக்கோ தெரிந்தால் அது தோல் உறை, வேலை முடிந்தது. தோலின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். உள்ளே வரை ஒரே பழுப்பு என்றால் பட்டைத் தோல். நடுவில் நீலமோ சாம்பல் பச்சையோ ஓடினால் குரோம். ரிவெட் தலைகள் தோலோடு படிந்திருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் வேட்டி கிழியும், தொடையும் கிழியும். பழைய சீட் என்றால் ரிவெட்டைச் சுற்றியும் மூக்கிலும் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே வெடித்தது தைத்தாலும் நிற்காது.

அகலத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. தோல் சீட்டின் பின் ஓரத்தில் இரும்புத் தகடு இருக்கிறது. எலும்பு அதன்மேல் படக்கூடாது, அதற்கு உள்ளே தோலில் படவேண்டும். பி-17 சுமார் 17 செ.மீ. அகலம், 12 செ.மீ. எலும்புக்காரனான எனக்கு அது சரி. ஜங்கிளிகாட்டிலிருந்து மீன் பெட்டி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவரைப் பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, கேரியரில் பாரத்தோடு, குண்டும் குழியுமான சந்தில் போகிறார். அவருடைய பாரம் முழுவதும் சீட்டில்தான். அவருக்கு 20 செ.மீ.க்குக் குறையாத, பின்னால் சுருள் ஸ்பிரிங் வைத்த சீட்தான் லாயக்கு. அகலம் நல்லது என்று எல்லோரும் அதை வாங்கினால், குனிந்து ஓட்டுகிறவருக்குத் தொடை இரண்டும் உரசிப் புண்ணாகும்.

"நம் தீவுப் பிள்ளைகள் கத்தி மாதிரி ஒல்லியான சீட்டில் உட்கார்ந்து உலக மெடல் வாங்கவில்லையா?" என்று ஒருவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018இல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வாங்கினார். மறு வருஷம் ஜெர்மனியில் குழு ஸ்பிரிண்டில் தங்கம். 2004 சுனாமியில் ஒன்பது வயதுச் சிறுமியாக மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்த டெபோரா ஹெரால்டு, பிற்பாடு இந்தியாவின் முன்னணிச் சைக்கிள் வீராங்கனை ஆனார். தீவுக்கே பெருமை. ஆனால் பந்தயக்காரர் மூக்கு ஹேண்டில் பாரில் முட்டுகிற மாதிரி குனிகிறார். பாரத்தில் பெரும்பங்கு கையிலும் பெடலிலும் இருக்கிறது. சீட் அவருக்குச் சாய்ந்துகொள்ளத்தான். டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து போகும் குமாஸ்தாவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

வீட்டுப் பெண்கள் ஓட்டும் வண்டிக்கும் ஒரு வார்த்தை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பதால் அந்தச் சீட் அவர்களுக்குப் பொருந்தியது என்று அர்த்தமில்லை. புடவையும் நீண்ட பாவாடையும் நீள மூக்கில் மாட்டும். மூக்கு குட்டையாக, பின்புறம் சற்று அகலமாக உள்ள பெண்களுக்கான சீட் தனியாகவே வருகிறது. கேட்டு வாங்குங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம்

விடுமுறையில் சென்னை போனபோது ரத்தன் பஜார் பக்கம் அலைந்து ஒரு தோல் சீட் வாங்கி, துணிமூட்டைக்குள் வைத்துக் கப்பலில் கொண்டுவந்தேன். வெளிநாட்டுச் சீட்டின் விலை நம்மூர்ச் சாதாரணக் கறுப்பு சைக்கிளின் விலையைத் தாண்டும். அதனால் நான் வாங்கியது பழைய சீட்தான். அளவு பார்த்து, கவிழ்த்துப் பார்த்து வாங்கியது.

பெரியவர் மாட்டிக் கொடுத்தார். உயரம் பார்க்க, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைக்கச் சொன்னார். கால் நேராக நீண்டால் சரி. மூக்கை மயிரிழை மேலே தூக்கி வைத்தார். கீழே சாய்ந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் எல்லாம் கைக்குப் போய்விடும். நல்ல சீட்டில் பாதிப் பேருக்கு வலி வருவது இந்த இரண்டையும் பார்க்காததால்தான் என்பது அவர் கட்சி.

முதல் இரண்டு வாரம் நான் அவரைத் திட்டாத நாளில்லை. பலகையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: வலித்தது எலும்பு, மரத்துப்போவது நின்றுவிட்டது. ஒரு மாதத்தில் வலியும் போயிற்று. புதுத் தோலாக இருந்தால் இன்னும் சில வாரம் கூட ஆகும். அவசரப்பட்டு சிலர் தோலைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள், சுத்தியால் தட்டுகிறார்கள். நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு தேங்காய் எண்ணெய். தீவில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் தடவத் தோன்றும். எண்ணெய் குடித்த பட்டைத் தோல் விறைப்பை இழந்து தூளி மாதிரி தொங்கிவிடும். பிறகு போல்ட்டை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. கொழுப்பும் மெழுகும் கலந்த பசை விற்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, மேலும் கீழும் மெல்லிசாகத் தடவித் துடைத்தால் போதும்.

இனி மழை. சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு, வருஷத்துக்கு 3,000 மில்லி மீட்டர் அளவில் இங்கே பெய்கிறது. தோல் சீட்டுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. நனைந்த தோலில் உட்கார்ந்து ஓட்டினால் ஒரே நாளில் ஒரு வருஷத் தொய்வு வந்துவிடும். மேலே பாலிதீன் பை போட்டுக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். பின் மட்கார்டு இல்லாத வண்டியில் சக்கரம் வாரியடிக்கிற சேறும் தண்ணீரும் அடிப்பக்கமாகத் தோலை நனைக்கிறது. மட்கார்டு முதலில், பை பிறகு. வீட்டுக்கு வந்ததும் பையைக் கழற்றிவிட வேண்டும். மூடியே வைத்தால் இரண்டு நாளில் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிடும். பூத்தால் துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் போட்டாலோ அடுப்பருகே வைத்தாலோ தோல் அப்பளம்தான். கடற்காற்றில் ஸ்பிரிங்கும் ரிவெட்டும் துருப்பிடிக்கும். எண்ணெய் போட ஆசையென்றால் அங்கே, இரும்பில் மட்டும் ஒரு சொட்டு.

இவ்வளவும் யார் செய்வது என்று கேட்கிறவருக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துகிறவர், மழை வந்தால் வரட்டும் என்று போகிறவர், தோல் சீட் வாங்க வேண்டாம். காசு கரைந்துவிடும். அதே கயிற்றுக் கட்டில் முறையில் ரப்பரும் பருத்தித் துணியும் சேர்த்து ப்ரூக்ஸ் கம்பெனியே 2013 முதல் ஒரு சீட் செய்கிறது. மழைக்கு அஞ்சாது, விலைக்குத்தான் நாம் அஞ்ச வேண்டும். அதுவும் முடியாவிட்டால், உங்கள் எலும்பு அளவுக்குச் சரியான அகலத்தில், அழுத்தினால் அதிகம் அமுங்காத சாதாரண ரெக்சின் சீட்டைத் தேடிப் பிடியுங்கள். எனக்கு மெத்தென்ற சீட் தந்த மூன்று மாதத்தைவிட அது எவ்வளவோ மேல்.

என் சீட்டில் இப்போது இரண்டு குழிகள் தெளிவாகத் தெரிகின்றன. ஸ்கூட்டர் வாங்கிய கட்டட வேலைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறி ஒரு சுற்று சுற்றி வந்து, "என்னமோ இடிக்குதே சார்" என்றார். இடிக்காமல் என்ன செய்யும், அது என் உடம்பின் அச்சு. அவரை அட்டைப்பெட்டியில் உட்காரவைத்து அளந்தேன், 14 செ.மீ. வந்தது. தவணை இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கிறதாம். பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்தால் சொல்லுங்கள் என்றிருக்கிறார்.

போன வாரம் சீட் லேசாகத் தொய்ந்த மாதிரி இருந்தது. பெரியவரிடம் கொண்டுபோனேன். மூக்கு நட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கால் சுற்று மட்டும் திருகினார். இன்னும் கொஞ்சம் முறுக்குங்களேன் என்றேன். "போதும் தம்பி. மிச்சத்தை மழை முடிஞ்சு பார்ப்போம்" என்று ஸ்பேனரைப் பெட்டியில் போட்டுவிட்டார்.